தமிழ்நாட்டில் முதியோர் செவிலியக் கல்வியும் ஆய்வும்

முதியோர் செவிலியம் என்பது 60 அகவையைக் கடந்தோரின் உடல், உள, சமூகத் தேவைகளை அறிந்து பேணும் செவிலியத் துறையின் ஒரு பிரிவு ஆகும். நோயைக் குணப்படுத்துவதை மட்டும் இது நோக்கமாகக் கொள்வதில்லை. முதியவர் தம் அன்றாடச் செயல்களை இயன்றவரை தாமே செய்துகொள்ளும் ஆற்றலைக் காப்பதும், அவ்வாற்றல் குறையும்போது அவரது மதிப்புக் குறையாமல் பேணுவதும் இதன் நோக்கங்களாகும். முதுமையின் இயல்பை ஆராயும் மூப்பியலும், முதியோரின் நோய்களை ஆராயும் முதியோர் மருத்துவமும் இதற்கு அடிப்படையாக அமைகின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டில் இத்துறையின் கல்வி, ஆய்வு ஆகியவற்றின் வளர்ச்சியையும், அவை எதிர்கொள்ளும் சிக்கல்களையும் விளக்குகிறது.

மக்கள்தொகைப் பின்னணி

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 அகவைக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். இது மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு ஆகும். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4 விழுக்காடாக இருந்தது. கேரளம் (12.6), கோவா (11.2) ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு இருந்தது. எண்ணிக்கையில் இது ஏறத்தாழ 75 இலட்சம் பேரைக் குறிக்கும்.

இந்நிலைக்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, மக்களின் வாழ்நாள் நீண்டது. மற்றொன்று, பிறப்பு வீதம் குறைந்தது. 2019-21 இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் எனக் கண்டறியப்பட்டது. மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1 என்னும் அளவைவிட இது குறைவு.

திண்டுக்கல் மாவட்டம் இம்மாற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947 இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கிருந்து ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கப்பட்ட ஊரக நலவாழ்வுப் பணிகள், தாய்சேய் நலம், குடும்பநலம் ஆகியவற்றில் இந்திய அளவில் அறியப்பட்டன. காந்திகிராம ஊரக நலவாழ்வு மற்றும் குடும்பநல நிறுவனம் 1964 இல் உருவானது. அந்தத் தலைமுறையில் சிறிய குடும்பத்தைத் தேர்ந்துகொண்ட பெற்றோரே இன்றைய முதியோர். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததாலும், அவர்களுள் பலர் வேலை தேடித் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை போன்ற நகரங்களுக்குச் சென்றதாலும் வீட்டில் பராமரிக்கும் கைகள் குறைந்துள்ளன. தாய்சேய் நலத்தில் கிடைத்த வெற்றியே முதியோர் பராமரிப்பின் தேவையை உருவாக்கியது எனலாம்.

முதியோர் பராமரிப்பின் தனித்தன்மை

முதியோர் செவிலியம் ஏன் தனியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்ற வினா இயல்பாக எழும். நடுத்தர அகவையினருக்கான நோய் அறிகுறிகள் முதியோரிடம் அவ்வாறே வெளிப்படுவதில்லை என்பதே இதற்கான முதன்மை விடை.

* காய்ச்சல் இல்லாத தொற்று: நுரையீரல் அல்லது சிறுநீர்ப்பாதைத் தொற்று உள்ள முதியவருக்கு உடல் வெப்பம் உயராமல் இருக்கலாம். திடீர்க் குழப்பமும், உணவில் விருப்பமின்மையும், கீழே விழுதலும் முதல் அறிகுறிகளாக அமையக்கூடும்.
* வலியில்லாத மாரடைப்பு: நெஞ்சுவலிக்கு மாறாக மூச்சுத்திணறல் அல்லது கடுஞ்சோர்வு மட்டுமே தோன்றலாம்.
* தாகம் குறைதல்: உடலில் நீர் குறைந்தாலும் தாக உணர்வு போதிய அளவு எழாது. கோடையில் வயலில் வேலை செய்யும் முதியோருக்கு இது பெரும் இடராகும். இரவில் சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று நீரைத் தவிர்ப்போரும் உண்டு.
* பல மருந்துகள்: குருதி அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி எனத் தனித்தனியாகப் பெறும் மருந்துகள் ஒன்றோடொன்று முரண்படலாம். சிறுநீரகத்தின் திறன் குறைவதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும்.
* மெலிந்த தோல்: ஒரே நிலையில் படுத்திருப்பவருக்கு இடுப்பு, குதிகால் போன்ற இடங்களில் படுக்கைப்புண் எளிதில் உண்டாகும்.

"வயதானால் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவப் பணியாளரும் ஒதுக்கிவிடும் மாற்றங்களுள் பல குணப்படுத்தக்கூடியவை. எது மூப்பின் இயல்பு, எது நோய் என்று பிரித்தறிவதே இக்கல்வியின் முதற்பாடம்.

உலக அளவில் தோற்றம்

இங்கிலாந்தில் மார்சரி வாரன் என்னும் மருத்துவர் 1935 முதல் இலண்டனின் மேற்கு மிடில்செக்சு மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் விடப்பட்டிருந்த முதியோரை ஒவ்வொருவராக ஆராய்ந்தார். முறையான மதிப்பீடும் பயிற்சியும் அளித்தபோது அவர்களுள் பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர இது வித்திட்டது.

செவிலியர் ஒருவரே முன்னின்று நடத்திய தொடக்ககால ஆய்வுகளுள் தோரீன் நார்ட்டன் தம் குழுவினருடன் 1962 இல் வெளியிட்ட, மருத்துவமனை முதியோர் பராமரிப்புச் சிக்கல்கள் பற்றிய ஆய்வு புகழ்பெற்றது. சில மணி நேரத்திற்கு ஒருமுறை படுக்கும் நிலையை மாற்றுவதே படுக்கைப்புண்ணைத் தடுக்கும் முதன்மை வழி என்பதை அது வலியுறுத்தியது. புண் வருவதற்கு முன்பே இடரை அறிய அவர் உருவாக்கிய நார்ட்டன் அளவுகோல் உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், கழிவடக்கம் ஆகிய ஐந்து கூறுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 20. 14 அல்லது அதற்குக் குறைவாகப் பெறுவோர் இடரில் உள்ளவராகக் கருதப்படுவர். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சிற்றூர் மருத்துவமனையிலும் இதைப் பயன்படுத்தலாம்.

அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1966 இல் முதியோர் செவிலியத்திற்குத் தனிப்பிரிவை ஏற்படுத்தியது. நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் முதியோர் செவிலியத்திற்கான ஆர்ட்ஃபோர்ட் நிறுவனம் 1996 இல் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் செவிலியக் கல்வி

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871 இல் தொடங்கிய பயிற்சி, இந்தியாவின் தொடக்ககாலச் செவிலியப் பள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1909 இல் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கு 1946 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் இத்தகைய படிப்பு தொடங்கியது. இவ்விரண்டுமே இந்தியாவின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகளாகும். செவிலியத்தில் முதுநிலைப் பட்டப்படிப்பு தில்லியில் 1959 இல் அறிமுகமானது.

தமிழ்நாட்டின் செவிலியக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம். ஜி. ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பாடத்திட்டத்தை இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்து வந்தது. இம்மன்றத்திற்கு மாற்றாகப் புதிய ஆணையத்தை அமைக்க வகைசெய்யும் தேசியச் செவிலியம் மற்றும் பேறுகாலச் செவிலியம் ஆணையச் சட்டம் 2023 இல் நிறைவேற்றப்பட்டது.

முதியோர் செவிலியம் கற்பிக்கப்படும் நிலைகள் வருமாறு:

* இளநிலைப் பட்டப்படிப்பு: நான்காண்டுப் படிப்பு. 2021 இல் திருத்தப்பட்ட பருவமுறைப் பாடத்திட்டத்தில், நான்காம் பருவத்தில் வரும் "வயதுவந்தோர் நலச் செவிலியம் 2" என்னும் பாடத்தின் ஒரு பகுதியாக முதியோர் செவிலியம் இடம்பெறுகிறது. நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது.
* அடிப்படைப் படிப்புக்குப் பிந்தைய பட்டயம்: பதிவுபெற்ற செவிலியருக்கான ஓராண்டுப் படிப்பு. முதியோர் செவிலியத்திற்கெனத் தனிப் பட்டயம் உண்டு.
* முதுநிலைப் பட்டப்படிப்பு: மருத்துவ-அறுவைச் செவிலியம், சமுதாய நலம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் ஆகிய ஐந்தும் வழக்கமான சிறப்புப் பிரிவுகளாகும். முதியோர் செவிலியம் இவற்றுள் தனிப்பிரிவாக இல்லை. எனினும் மருத்துவ-அறுவை, சமுதாய நலம், மனநலப் பிரிவு மாணவர்கள் முதியோர் பற்றி ஆய்வேடுகள் எழுதுகின்றனர்.

குழந்தை நலத்திற்கு முதுநிலையில் தனிப்பிரிவு இருக்க, முதியோர் நலம் ஒரு பாடத்தின் பகுதியாக இருப்பது குறிப்பிடத்தக்கது. பிறப்பு வீதம் உயர்ந்திருந்த காலத்தின் தேவைகளையொட்டிப் பிரிவுகள் அமைந்ததே இதற்குக் காரணம் எனலாம். ஊரகங்களில் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியரின் பயிற்சியும் பேறுகாலம், தடுப்பூசி, குடும்பநலம் ஆகியவற்றையே மையமாகக் கொண்டு வளர்ந்தது.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டின் பங்கு

மருத்துவர் வ. செ. நடராசன் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின்னர், 1978 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முதற்பிரிவு இதுவாகும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996 இல் முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. நடராசன் 2012 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

நடுவண் அரசு 2010-11 இல் தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டத்தின்கீழ்ச் சென்னை மருத்துவக் கல்லூரி வட்டார முதியோர் மருத்துவ மையங்களுள் ஒன்றானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை முதியோர் மருத்துவம், மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கைகள் கொண்ட முதியோர் பிரிவு என்பன இத்திட்டத்தின் அமைப்பாகும். சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024 பெப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது.

செவிலிய ஆய்வு

முதியோர் செவிலிய ஆய்வு, எந்தப் பராமரிப்பு உண்மையில் பயன் தருகிறது என்பதைக் கண்டறிய முயல்கிறது. பழக்கத்தால் செய்யப்படும் பணிகளுள் பயனற்றவையும் இருக்கலாம். எளியவை என்று புறக்கணிக்கப்படும் பணிகள் உயிர்காப்பனவாகவும் இருக்கலாம்.

இதற்கு அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் சாரன் இனூயே தலைமையில் நடந்து 1999 இல் வெளியான ஆய்வு சிறந்த எடுத்துக்காட்டு. 70 அகவைக்கு மேற்பட்ட 852 நோயாளிகள் இதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு நாளும் இடமும் நினைவூட்டல், தூக்க மாத்திரையின்றி உறங்கச் செய்தல், நடக்கச் செய்தல், மூக்குக்கண்ணாடி மற்றும் செவிப்பொறி அளித்தல், போதிய நீர் அருந்தச் செய்தல் ஆகியவை முறையாகச் செய்யப்பட்டன. அப்பிரிவில் 9.9 விழுக்காட்டினருக்கே கடுங்குழப்ப நிலை ஏற்பட்டது. வழக்கமான பராமரிப்பைப் பெற்ற பிரிவில் இது 15.0 விழுக்காடாக இருந்தது. இவற்றுள் விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

செவிலியரின் கல்வித் தகுதிக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பை லிண்டா ஐக்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டனர். அறுவை மருத்துவம் பெற்ற, 50 அகவையும் அதற்கு மேலுமான நான்கு இலட்சத்துக்கும் மிகுதியானோரின் தரவுகள் பயன்படுத்தப்பட்டன. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடும்போது இறப்பதற்கான வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது அவ்வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்து காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே; காரணத்தை முழுமையாக நிறுவுவதன்று. எனினும் செவிலியக் கல்விக்கான செலவு வீண்செலவன்று என்பதற்கு இது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

அளவுகோல்களும் மொழிச் சிக்கலும்

ஆய்வுக்கு அளவீடு இன்றியமையாதது. முதியோரை அளக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை மேலை நாடுகளில் உருவானவை. அவற்றைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அப்படியே பயன்படுத்துவது தவறான முடிவுகளைத் தரக்கூடும்.

1975 இல் ஃபோல்சுடீன் குழுவினர் வெளியிட்ட சிறு மனநிலைத் தேர்வு 30 மதிப்பெண்களைக் கொண்டது. ஆங்கிலத் தேதி கேட்டல், 100 இலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு சொற்றொடர் எழுதுதல், ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியவை இதில் அடங்கும். பள்ளிக்குச் செல்லாத ஒரு மூதாட்டி நல்ல நினைவாற்றலுடன் இருந்தும் இத்தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறுவார். அவருக்கு மறதிநோய் உள்ளது என்று முடிவு செய்தால் அது அவரது கல்வியின்மையை நோயாக எண்ணுவதாகும்.

இச்சிக்கலைத் தீர்க்க அரியானாவின் பல்லப்கர் பகுதியில் இந்தி வடிவம் ஒன்று உருவாக்கப்பட்டு 1995 இல் வெளியிடப்பட்டது. அதில் எழுத்தைப் படித்துக் கண்ணை மூடுவதற்கு மாறாகச் சோதிப்பவர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்ய வேண்டும். சொற்றொடர் எழுதுவதற்கு மாறாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டும். 100 இலிருந்து ஏழு கழிப்பதற்கு மாறாக 20 இலிருந்து மும்மூன்றாகக் கழிக்க வேண்டும்.

1998 இல் கொச்சியில் நடந்த கூட்டத்தை அடுத்து உருவான "10/66 மறதிநோய் ஆய்வுக் குழு" இதை உலக அளவில் மேற்கொண்டது. மறதிநோய் உடையோரில் 66 விழுக்காட்டினர் வாழும் வளரும் நாடுகளில், மொத்த ஆய்வில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நடக்கிறது என்பதை இப்பெயர் சுட்டுகிறது. சென்னை நகர்ப்பகுதியும் வேலூர் ஊரகப் பகுதியும் இக்குழுவின் களங்களாக இருந்தன. கல்வியின்மையால் மதிப்பெண் குறையாத முறையில் நோயைக் கண்டறியும் வழியும், குடும்பத்தாரின் பராமரிப்புச் சுமையும் இவற்றில் ஆராயப்பட்டன.

அன்றாடச் செயல் திறனை அளக்கும் காட்சு சுட்டெண் (1963), பார்த்தல் சுட்டெண் (1965) ஆகியவற்றுக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. இவை கட்டிலையும் நாற்காலியையும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கும், சம்மணமிட்டு உண்பவருக்கும், குந்தியமரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்துபவருக்கும் தரையிலிருந்து எழுவதே மிகவும் கடினமான செயல். அதை அளக்காத கருவி அவரது உண்மையான இடர்ப்பாட்டைத் தவறவிடும்.

மாணவர் ஆய்வேடுகளின் வடிவமைப்பு

தமிழ்நாட்டின் முதுநிலைச் செவிலிய மாணவர்கள் முதியோர் இல்லங்களிலும் சிற்றூர்களிலும் ஆய்வுகளை மேற்கொள்கின்றனர். உறக்கமின்மை, தனிமை, மூட்டுவலி, குருதி அழுத்தம், விழுதல் பற்றிய அச்சம் முதலியன வழக்கமான தலைப்புகள். ஒரே குழுவினரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடும் முறை மிகுதியாகக் கையாளப்படுகிறது. குறைந்த காலத்தில் செய்து முடிக்கலாம் என்பதே இதன் நன்மை.

இம்முறையின் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குருதி அழுத்தம் நாள்தோறும் சற்றே ஏறி இறங்கும். முதல் நாள் அளவீட்டில் உயர்ந்த அழுத்தம் காட்டியவர்களை மட்டும் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தால், அன்று தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதில் அடங்குவர். இரண்டு வாரம் கழித்து அளந்தால், எப்பயிற்சியும் அளிக்காமலேயே குழுவின் சராசரி ஓரளவு குறையும். இது சராசரிக்குத் திரும்பும் போக்கு எனப்படும். கட்டுப்பாட்டுக் குழு ஒன்றையும் உடன் அளந்தால்தான் பயிற்சியின் பயனை இப்போக்கிலிருந்து பிரித்தறிய இயலும். எனவே ஒற்றைக் குழு ஆய்வின் முடிவைத் தொடக்கநிலைக் குறிப்பாகக் கொள்ள வேண்டுமேயன்றி நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ளலாகாது.

பெரிய அளவிலான தரவுகளும் இன்று கிடைக்கின்றன. 2017-18 இல் நடைபெற்ற இந்திய முதுமை நெடுங்கால ஆய்வின் முதற்சுற்றில் 45 அகவையும் அதற்கு மேலுமான ஏறத்தாழ 72,000 பேர் இடம்பெற்றனர். மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்தியது. இதன் அறிக்கை 2021 இல் வெளியானது. இத்தகைய தரவுகளைப் பயன்படுத்தும் புள்ளியியல் பயிற்சி, செவிலிய ஆய்வு மாணவர்க்குப் பெரிதும் உதவும்.

ஊரக நிலை

பழனி வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள நெய்க்காரப்பட்டி போன்ற பேரூராட்சிகளில் முதியோர் பராமரிப்பு பெரும்பாலும் வீட்டிலேயே நடைபெறுகிறது. பராமரிப்பவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள் ஆவார். அவர் வயல் வேலைக்கோ ஆலை வேலைக்கோ செல்பவராக இருப்பின் முதியவர் பகலில் தனியே இருப்பார். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. எனினும் நடக்க இயலாத முதியவருக்குப் பழனி வரை செல்வதே பெரும் பயணமாகும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. மகளிர் நலவாழ்வுத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை அளிக்கின்றனர். நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கையில் இருப்போரை வீட்டிலேயே காண்கின்றனர். இத்திட்டம் 2024 இல் ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைச் செயற்குழு விருதைப் பெற்றது.

வீட்டுக்குச் செல்லும் செவிலியரின் முதன்மைப் பணி பராமரிப்பவருக்குக் கற்பித்தலாகும். அவற்றுள் சில:

* படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதிருத்தல்.
* உணவூட்டும்போது நிமிர்ந்து உட்காரவைத்தல். படுத்த நிலையில் கஞ்சியோ நீரோ புகட்டாதிருத்தல். அது மூச்சுக்குழாயில் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம்.
* நீரிழிவு உடையோரின் பாதத்தை நாள்தோறும் பார்த்தல்.
* குளியலறையில் கைப்பிடி அமைத்தல். இரவில் விளக்கு எரியவிடுதல்.
* செவிப்புலன் குறைந்தவரிடம் கூச்சலிடாமல், முகத்துக்கு நேராக நின்று தெளிவாகப் பேசுதல்.

சட்டமும் சமூகமும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. இதன் 20 ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை எல்லா மூத்த குடிமக்களுக்கும் படுக்கை வசதி, தனி வரிசை, மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்கென ஒதுக்கப்பட்ட வசதிகள் ஆகியவற்றுடன், முதுமை மற்றும் முதியோரின் நாட்பட்ட நோய்கள் பற்றிய ஆய்வு விரிவாக்கப்படுவதையும் மாநில அரசின் கடமையாகக் குறிப்பிடுகிறது. எனவே முதியோர் ஆய்வு சட்டத்தின் அடிப்படையையும் உடையது.

பராமரிப்பு இல்லாத நிலையின் கொடிய விளைவைத் தென் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் நிலவியதாக அறியப்படும் தலைக்கூத்தல் வழக்கம் காட்டுகிறது. படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியல், இளநீர் முதலியவற்றால் இறக்கச் செய்வது இதுவாகும். இது சட்டப்படி கொலைக் குற்றம். "பாரம்" என்னும் தமிழ்த் திரைப்படம் இதைப் பொருளாகக் கொண்டது. 2018 ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. வறுமை, பராமரிப்பவரின் சோர்வு, வலியைத் தணிக்கும் வழி தெரியாமை ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில் இத்தகைய வழக்கங்கள் நிலைபெறுகின்றன. சட்டத்தால் தண்டிக்க இயலும். ஆனால் வலி தணிக்கும் மருந்தும், புண்ணைக் கழுவிக் கட்டும் கையும், பராமரிப்பவருக்குச் சில நாள் ஓய்வும் கிடைத்தால்தான் அதன் வேர் அறும். பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டு வாயிலுக்கு வருவது இவ்வகையில் உயிர்காக்கும் பணியாகிறது.

எதிர்காலத் தேவைகள்

ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான காலத்தை நலமான முதுமைக்கான பத்தாண்டாக அறிவித்துள்ளது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முதுநிலைச் செவிலியத்தில் முதியோர் செவிலியத்திற்குத் தனிப்பிரிவு, கிராம சுகாதாரச் செவிலியருக்கு முதியோர் பராமரிப்பில் பணியிடைப் பயிற்சி, தமிழில் சரிபார்க்கப்பட்ட அளவுகோல்கள், கட்டுப்பாட்டுக் குழுவுடன் கூடிய பன்மைய ஆய்வுகள், பராமரிப்பவருக்கான எளிய தமிழ்க் கையேடுகள் ஆகியவை முதன்மைத் தேவைகளாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மூப்பியல்
* செவிலியம்
* மறதிநோய்
* படுக்கைப்புண்
* நோய்த்தணிப்புப் பராமரிப்பு
* காந்திகிராமம்